கடைவாய்ப் பல் போன பிறகு

"பல்லு புடுங்குனதுக்கா ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்தே?" என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் எங்கள் வீட்டு வரிசையில் குறைவு. சிரித்தவர்களுக்கும், அடுத்துப் பல் பிடுங்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இப்போது நன்றாக இருக்கிறேன். பல் போன இடத்தில் ஈறு மூடிவிட்டது. முறுக்கு மட்டும் மறுபக்கமாகக் கடிக்கிறேன்.

என் வாயைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. தனலெட்சுமி வாயை அடைக்க எமன்தான் வரவேண்டும் என்பார்கள். எமன் வரவில்லை, ஒரு சுருட்டிய துணி வந்தது. அதைக் கடித்துக்கொண்டு பேசாமல் கிடந்த நாட்களில் என்னைப் பற்றி மற்றவர்கள் பேசியதையெல்லாம் கேட்கவேண்டியதாகப் போயிற்று. அந்த வேதனை தனி.

நாங்கள் ஈப்போ டவுனுக்கு வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது பால்மரத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் நாங்களும் ஒன்று. புந்தோங் பகுதியில் ஒரு பலகை வீடு கிடைத்தது. என் வீட்டுக்காரர் மாணிக்கத்துக்கு லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. எனக்குச் சட்டை தைக்கும் ஃபேக்டரியில் காலர் பிரிவு. ஒரே மகள் விமலா, பதிமூன்று வயது, பெரியவளாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பல் என்னைப் பல மாதங்களாகப் படுத்திக்கொண்டிருந்தது. கீழ்வரிசையில் கடைசிக்கு முந்திய பல். கிராம்பை நசுக்கி வைத்தேன், உப்பு வைத்தேன், கடைசியில் தலைவலிப் பவுடரைக் கொட்டி அதன்மேல் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு வேலைக்குப் போனேன். அந்தப் பவுடரைத் தெரியாத தோட்டத்து ஆள் கிடையாது. சீனர் கடையில் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் சரம் சரமாகத் தொங்கும் சின்னக் காகிதப் பொட்டலம். தலையை அண்ணாந்து நாக்கில் கொட்டி, பாலில்லாத கோப்பி ஓ ஒரு மிடறு குடித்தால் தீர்ந்தது. தோட்டத்தில் விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். ஃபேக்டரியில் பத்து மணித் தேநீருக்கு எங்கள் வரிசை முழுக்கப் பொட்டலம் பிரியும். தையல் மிஷின் சத்தத்துக்கு அது இல்லாமல் முடியாது. இடுப்பு வலிக்கு அது, காய்ச்சலுக்கு அது, விமலாவுக்கு மாதாந்திர வயிற்றுவலி வந்தாலும் அதுவேதான்.

கன்னம் வீங்கி ஒருபக்க முகமே மாறிப்போன பிறகுதான் அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போனேன். மரத்துப்போக ஊசி போட்டார்கள். இழுத்ததில் வலி தெரியவில்லை, தாடையே கழன்று வருகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டது. பல் டாக்டர் துணியைச் சுருட்டிக் குழியில் வைத்து, கடித்துக்கொள் என்றார். இன்றைக்கு முழுக்கக் கொப்பளிக்கக் கூடாது, சூடாக எதுவும் கூடாது, துப்பிக்கொண்டே இருக்கக் கூடாது என்றார். குழிக்குள் ரத்தம் உறைந்து மூடி மாதிரி உட்கார்ந்துகொள்ளுமாம். அந்த மூடியைப் பெயர்த்துவிட்டால் மறுபடி திறந்துகொள்ளுமாம். வலி வந்தால் போட்டுக்கொள்ள வெள்ளை மாத்திரையும் கொடுத்தார்.

வீட்டில் எனக்குத் துணையாக மாணிக்கத்தின் அக்கா பாக்கியம் அண்ணி சிலிம் ரிவரிலிருந்து வந்திருந்தார். பாசமுள்ள மனுஷி. ஆனால் அவருடைய பாசத்துக்குக் காது கிடையாது. பல் டாக்டர் சொன்னதை விமலா ஒப்பித்தாள். அண்ணி வெற்றிலையை மடித்தபடி முழுவதும் கேட்டார்.

"சூடு வைக்காம எப்படிடி வீக்கம் வாடும்? அந்த டாக்டருக்கு என்னா வயசு?" என்றார்.

வயது தெரியாது என்று விமலா சொன்னாள். அதோடு டாக்டரின் கட்சி தோற்றது. உப்பைத் துணியில் கட்டிக் கல்லில் சுட்டுக் கன்னத்தில் ஒற்றினார். வெந்நீரில் உப்புக் கலந்து கொப்பளிக்கக் கொடுத்தார். ரத்தம் கசிந்தது.

"வரட்டும்லா. அவ்வளவும் கெட்ட ரத்தம். உள்ளே நின்னா தலைக்கு ஏறிடும்," என்றார்.

மருந்து மரப்பு இறங்கியதும் வலி வந்தது பாருங்கள், எதிரிக்கும் வேண்டாம். வெள்ளை மாத்திரையை அண்ணி சன்னலில் வைத்துவிட்டார். ஆஸ்பத்திரி மாத்திரை உடம்புக்குச் சூடு, வெறும் வயிற்றில் ஆகாது. தன் மடியிலிருந்து பவுடர் பொட்டலம் இரண்டை எடுத்துக் கொடுத்தார். ஒன்றை விழுங்கினேன், ஒன்றைக் குழியிலேயே வைத்துப் பஞ்சால் அடைத்தேன். கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது.

நானும் அண்ணியும் ஒரே பால்மாவு டின்னில்தான் துப்பினோம். அவருடையது வெற்றிலைச் சாறு, என்னுடையது ரத்தம். இரண்டும் சிவப்பு. யார் எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. வேலை முடிந்து வந்த மாணிக்கம் டின்னைக் காலி செய்து கழுவி வைத்துவிட்டு, "அக்கா, கொஞ்சம் கொறைச்சுப் போடுக்கா, பல்லு என்னாத்துக்கு ஆவும்?" என்று சிரித்தார். அவருக்கு அதில் பாதிக்குமேல் என் ரத்தம் என்று தெரியாது. எனக்கும் தெரியாது. அன்றிரவு நான்கைந்து பொட்டலத்தோடு எப்படியோ தூங்கினேன்.

காலையில் விமலா பள்ளிச் சீருடை போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். டின்னைத் தள்ளிவைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அத்தை, நேத்து நீங்க எப்ப வெத்தலை போட்டீங்க?"

"எங்க போடுறது? சாயந்திரமே தீந்துபோச்சே. பாசாருக்குப் போனா வாங்கிட்டு வரணும்."

விமலா டின்னை இரண்டு கையாலும் தூக்கித் தன் அப்பாவிடம் காட்டினாள். "அப்பா, நீங்க கழுவி வெச்ச டின்னு இது. இது அவ்வளவும் அம்மாவோடது."

டின் முக்கால்வாசி நிறைந்திருந்தது. எச்சிலும் சேர்ந்ததுதான் என்று இப்போது தெரிகிறது. அப்போது அப்படி யாருக்கும் தோன்றவில்லை. மாணிக்கம் என் வாயைத் திறக்கச் சொன்னார். பஞ்சை எடுத்ததும் ஊற்று மாதிரி வந்தது. எழுந்து நிற்கப் போனேன். கால் என்னுடையதாக இல்லை. அண்ணி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அவர் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. என் அம்மா ரத்தம் நிற்காமல்தான் செத்தாள். எனக்கு அப்போது பத்து வயது. தோட்டத்து லயத்து வீட்டில் பிரசவம். பிள்ளை பிறந்துவிட்டது, அம்மாவுக்கு மட்டும் நிற்கவில்லை. கோணிச் சாக்கை மாற்றி மாற்றிப் போட்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் வந்து கையைப் பிசைந்தார். லோரி வருவதற்குள் அம்மா காகிதம் மாதிரி வெளுத்துப்போனாள். அதிலிருந்து எங்கள் சொந்தத்தில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது: அந்த வீட்டுப் பெண்களுக்கு ரத்தம் நிற்காது. எனக்குக் கல்யாணம் பேசும்போதுகூட அதைச் சொல்லி ஒரு இடம் தட்டிப்போனது. விமலா பிறந்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் நான் அதை மறந்திருந்தேன். ஆனால் விமலா பெரியவளானதிலிருந்து மாதா மாதம் அவளுக்கு ஒரு வாரத்துக்கும் மேலாகப் போனது. முகம் வெளுத்துச் சோர்ந்து படுப்பாள். பழைய பேச்சு அப்போதெல்லாம் நெஞ்சுக்குள் எழுந்து உட்காரும். அன்று காலையில் டின்னைத் தூக்கிக்கொண்டு நின்ற பிள்ளையைப் பார்த்தேன். அவளுக்கு அந்த வாரமும் அதே நாட்கள்தான். சாவுக்கு நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அம்மாவைக் கொண்டுபோனது என் உடம்பில் இருந்தால், என் வழியாக அது என் பிள்ளைக்கும் போயிருக்கிறது.

முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய், மாணிக்கம் ஓடி வருவதைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு வேனை எடுத்தார். வரும்போதே ஒரு பை நிறைய ஐஸையும் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். "கன்னத்துல வைங்க தங்கச்சி. ரத்தத்துக்கு ஐஸுதான் நல்லது," என்றார்.

"ஐயையோ, ஜன்னி வந்துரும் பாய்!" என்று அண்ணி கத்தினார்.

"ஜன்னி வந்தா ஆஸ்பத்திரியில பாத்துக்கலாங்கா. இப்ப நாம அங்கதானே போறோம்," என்றார் பாய். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாய் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பெஞ்சு நிறைய ஆட்கள். காய்ச்சல்காரர்களும் கட்டுப் போட்டவர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். என் முந்தானை நனைந்ததைப் பார்த்த ஒரு சீனக் கிழவர் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். ஆனாலும் பல் வலிக்காரி என்றுதான் எல்லார் கண்ணும் சொன்னது. உள்ளே கூப்பிட்டதும் வேகமாக வேலை நடந்தது. குழியைக் கழுவி, தையல் போட்டு, புதுத்துணியை வைத்து அழுத்தினார்கள். டாக்டர் ஒரு சீனப் பெண், மெலிந்த உருவம், கண்ணாடி. மலாயில் கேட்டார், வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா என்று.

நான் துணியைக் கடித்தபடி தலையை ஆட்டினேன், இல்லை என்று. அது போதாதென்று மாணிக்கம் முன்னால் வந்து எனக்காகச் சாட்சி சொன்னார்.

"ஒண்ணுமே இல்ல டாக்டர். கிளினிக்குல குடுத்த மாத்திரையைக்கூட இவ தொடல," என்றார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நானும் மெய்யாகத்தான் தலையாட்டினேன். டாக்டர் கேட்டது மருந்தைப் பற்றி.

அடுத்த கேள்வி, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் நிற்காமல் போனதுண்டா என்பது. மாணிக்கம் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் அம்மா கதையைச் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்.

வார்டில் படுக்கை கொடுத்தார்கள். கையில் ஊசி குத்திக் குழாய் மாட்டினார்கள். ஒரு தமிழ் மிஸி இருந்தார், கனத்த உடம்பு, கனத்த குரல், நர்ஸ் உடுப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. டாக்டர் சொல்வதை எனக்குத் தமிழில் சொல்வது அவர்தான். காது மடலில் சின்னதாக ஒரு குத்து குத்தி, வருகிற ரத்தத்தை உறிஞ்சு காகிதத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். குத்திய இடம் தானாக அடைபட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனை அது. எல்லாருக்கும் சீக்கிரம் காகிதம் வெள்ளையாகிவிடும். எனக்குப் பொட்டுப் பொட்டாகக் காகிதம் நிறைந்தது, அடுத்த காகிதமும் எடுத்தார்கள்.

"ரத்தத்தை அடைக்கிறதுக்குன்னே நம்ம உடம்புல சின்னச் சின்னதா ஒண்ணு இருக்கு, தட்டணுன்னு பேரு," என்று மிஸி விளக்கினார். "எண்ணிப் பாத்தாச்சு. ஒனக்கு வேண்டிய அளவு இருக்கு. ஆனா ஒட்டிக்கிட்டு ஓட்டையை அடைக்க மாட்டேங்குது. ஏன்னுதான் தெரியல."

நான் தோட்டக்காரி, எனக்கு உடனே விளங்கிற்று. ஆட்கள் எல்லாரும் பெரட்டுக்கு வந்து வரிசையில் நிற்கிறார்கள், ஒருவரும் பால்வெட்டுக்குப் போகவில்லை. காரணம் தெரியாத ஸ்டிரைக். பிறவியிலேயே அப்படி அமைகிற குடும்பங்கள் உண்டு என்று டாக்டர் சொன்னாராம். மகளையும் நாளைக்குக் கூட்டிவரச் சொன்னாராம்.

அன்று சாயந்திரம் மாணிக்கத்தோடு லோரியில் போகிற இரண்டு பேர் வேலை உடுப்போடேயே வந்து எனக்காக ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். என்னைப் பார்க்கக்கூட வரவில்லை, கூச்சம். அண்ணி பார்வையாளர் நேரத்துக்குத் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து, ஆறவைத்து, கரண்டியால் ஊட்டினார். தலை வலிக்கிறது என்று நான் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அவர் மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கஞ்சியில் கலந்தார். விடிந்தபோது, நின்றுவிட்டது என்று நினைத்த ரத்தம் தையலைச் சுற்றி மறுபடி கசிந்திருந்தது. டாக்டர் வந்து பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். மிஸியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்த ஒரே சொல் மகள் என்பது.

விமலாவை மாணிக்கம் கூட்டிவந்தார். பிள்ளை என் கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். மிஸி அவள் கூந்தலை ஒதுக்கிக் காது மடலில் குத்தினார். முதல் காகிதத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. நான் அந்தக் காகிதத்தையே பார்த்தேன். என் வாழ்நாளில் எந்தச் சாமியையும் அப்படிக் கும்பிட்டதில்லை. நின்றுவிடு, நின்றுவிடு. பொட்டு சின்னதாக வேண்டும். சின்னதாகவில்லை. மிஸி அடுத்த காகிதத்தை எடுத்தார். விமலா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கெட்டிக்காரி, காகிதத்தைப் பார்க்கவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

"எனக்கும் பாட்டி மாதிரியாம்மா?" என்று கேட்டாள்.

வாயில் துணி. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளையைப் பெற்றதே தப்போ என்று அந்த நேரத்தில் நினைத்தேன். மாணிக்கம் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவருடைய முதுகு குலுங்கியதைப் பார்த்தேன்.

பார்வையாளர் மணி அடித்ததும் அண்ணி வந்தார். வந்ததும் விமலாவின் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். அழுது அழுது பிள்ளைக்குத் தலைவலி, வயிற்றுவலியும் சேர்ந்துகொண்டது. "இந்தா, அழாதடி கண்ணு. எல்லாம் அத்தை இருக்கேன்லா," என்று மடியை அவிழ்த்து இரண்டு பொட்டலம் எடுத்தார். ஒன்றை எனக்காகக் கஞ்சித் தூக்கின் மூடியில் வைத்தார். மற்றதைப் பிரித்து விமலாவிடம் நீட்டினார். விமலா பழகிய கையால் காகிதத்தை மடக்கி, தலையை அண்ணாந்தாள்.

"ஏய்!"

வார்டு முழுக்க அதிர்ந்தது. மிஸி கட்டில்களுக்கு நடுவே அந்தக் கனத்த உடம்போடு ஓடிவந்து விமலாவின் கையைப் பிடித்தார். பவுடர் என் போர்வையில் கொட்டியது.

"என்னாது இது?"

"பவுடர் மிஸி. தலைவலிக்கு," என்றார் அண்ணி, ஏதோ உப்பைக் காட்டுகிற மாதிரி.

"யாரு யாரு சாப்புடுறீங்க?"

அண்ணிக்குக் கேள்வியே விளங்கவில்லை. "எல்லாருந்தான்லா. யாரு சாப்புடாம இருக்கா?"

மிஸி என் பக்கம் திரும்பினார். குரலை இறக்கிக் கேட்டார். "நீ ஒரு நாளைக்கு எத்தனை?"

நான் விரலை விரித்துக் காட்டினேன். பிறகு பல்வலி வந்த மாதங்களை நினைத்து மறுகையையும் விரித்தேன். குழியிலும் வைத்தேன் என்று வாயைத் தொட்டுக் காட்டினேன். மிஸி தலையில் கை வைத்தார்.

"மருந்து சாப்புடுறியான்னு டாக்டர் கேட்டப்ப இல்லேன்னு ஆட்டுனியே?"

துணியை எடுத்துவிட்டேன். இரண்டு நாளில் நான் பேசிய முதல் வார்த்தை அது. "இது மருந்து இல்லையே மிஸி," என்றேன். "கடைச்சரக்குதானே?"

மிஸி பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய் டாக்டரோடு திரும்பி வந்தார். டாக்டர் அந்தக் காகிதத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். ஆஸ்பிரின். தட்டணுக்களை ஒட்டவிடாமல் செய்வது அதுதானாம். ஒரு பொட்டலம் போட்டாலும் பல நாட்களுக்கு அவை ஒட்டும் வேலை நின்றுபோகுமாம். பெரட்டில் நிற்கும் ஆட்களுக்கு வெட்டுக்குப் போகாதே என்று சொன்ன தலைவன் யார் என்று தெரிந்துவிட்டது. டாக்டர் மாணிக்கத்திடம், இப்போதே முடிவாகச் சொல்ல முடியாது, தாயும் மகளும் இதை அடியோடு நிறுத்த வேண்டும், கொஞ்ச நாள் கழித்து மறுபடி காதில் குத்திப் பார்க்க வேண்டும் என்றார். அப்போதும் நிற்காவிட்டால் அது பிறவி.

அதனால் வீட்டுக்கு வந்தும் பயம் தீரவில்லை. கசிவு நின்றது, தையலும் பிரித்தார்கள். ஆனால் தலை வெடித்தது. இத்தனை வருஷப் பழக்கம் விட்டால் அப்படித்தான் இருக்கும் என்று மிஸி எச்சரித்திருந்தார். பவுடரில் கோப்பிச் சத்தும் இருக்கிறதாம், உடம்பு அதைக் கேட்கிறதாம். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மாணிக்கம் சீனர் கடைக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சரத்தைப் பார்க்காமல் வருவதற்குச் சிரமப்பட்டார். வீட்டில் இருந்த பொட்டலங்களை எறிவதற்கு முன் ஒருமுறை முகர்ந்துகூடப் பார்த்தார். பாய் தினமும் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஐஸ் கொடுத்தனுப்பினார். அதை நெற்றியில் வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். ஜன்னி வரவில்லை.

அண்ணிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "முப்பது வருசமா போடுறேன். எனக்கு ஒரு கேடும் வரலையே?" என்று முணுமுணுத்துக்கொண்டே மடியில் முடிச்சோடு சிலிம் ரிவருக்குப் பஸ் ஏறினார். ஆனால் ஏறுவதற்கு முன் விமலாவைக் கட்டிக்கொண்டு, "என் கையால குடுத்தேனே கண்ணு," என்று ஒரு மூச்சு அழுதார். நானும் என் கையாலதான் கொடுத்தேன் அண்ணி என்று சொல்ல நினைத்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

மறுசோதனைக்குப் போன அன்று முதலில் எனக்குக் குத்தினார்கள். மூன்று பொட்டு, நான்கு பொட்டு, பிறகு வெறும் காகிதம். மிஸி அதைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். அடுத்து விமலா. அவளுடைய காகிதமும் சீக்கிரமே வெள்ளையாயிற்று. மாணிக்கம் மிஸியின் காலில் விழப் போய்விட்டார். "போங்கண்ணே, எனக்கு வேலை கெடக்கு," என்று அவர் விரட்டினார். நான் மட்டும் ஒரு கேள்வி கேட்க நின்றேன். என் அம்மா பற்றி. டாக்டர் மிஸி மூலமாகச் சொன்னார், பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு, இத்தனை வருஷம் கழித்து யாராலும் சொல்ல முடியாது என்று.

அவரால் சொல்ல முடியாது. எனக்கு நினைவிருக்கிறது. அம்மா விடியுமுன் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பொட்டலம் போட்டுக்கொள்வாள். வெட்டு முடிந்து வந்து ஒன்று. வயிற்றில் பிள்ளையோடு கடைசி மாதம் வரைக்கும் பால்மரம் வெட்டினாள், இடுப்பு வலி தாங்காமல் நாளுக்கு நாலைந்து. அந்தச் சின்னக் காகிதங்களைப் பொறுக்கி நான் பொம்மைக்குப் பாவாடை செய்வேன். அவள் வலியெடுத்துப் படுத்தபோது பக்கத்து வீட்டு அக்கா பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். பிள்ளை பிறந்த பிறகும் கொடுத்தாள். எல்லாரும் அன்பாகத்தான் கொடுத்தார்கள். அன்று எனக்குப் பொம்மைக்குப் புதுப் பாவாடைகள் நிறையக் கிடைத்தன.

அடுத்த மாதம் விமலாவுக்கு வயிற்றுவலி வந்தது. பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணியில் சுற்றி வயிற்றில் வைத்தேன். அவள் சுருண்டு படுத்துப் பவுடர் கேட்டு அழுதாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து முதுகைத் தேய்த்தேன். எனக்கும் தலை விண்விண் என்று தெறித்தது. இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தோம், எனக்கு ஒன்று குறைவு.

நாலாம் நாள் நான் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தேன். விமலா பள்ளிப் பையோடு வந்து வாசற்படியில் நின்றாள்.

"அம்மா, நின்னுருச்சு," என்றாள்.

"என்னாது?"

"இந்த மாசம். நாலு நாள்லயே நின்னுருச்சும்மா. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமா?"

எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில்கூட நான் அப்படி அழவில்லை. கையில் சோப்பு நுரையோடு, குந்தி உட்கார்ந்தபடி, என் அம்மாவுக்காக அழுதேன். அவள் செத்தபோது எனக்கு அழத் தெரியவில்லை.

விமலா பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் கன்னத்தைத் தொட்டாள்.

"பல்லாம்மா? மறுபடி பல்லு வலிக்குதா?"

"ஆமாம்டி," என்றேன். "பல்லுதான். நீ ஸ்கூலுக்குப் போ."